ஆட்டிசம் பெற்றோர் சங்கம் என்ன செய்கிறது? புதிதாக அறிய வருவோருக்கு ஓர் எளிய விளக்கம்

ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பதாக மருத்துவர் எழுதிக்கொடுக்கும் அறிக்கை பெரும்பாலும் சில பக்கங்களில் முடிந்துவிடும். குழந்தை எந்தெந்தத் திறன்களில் பின்தங்கியிருக்கிறது, என்னென்ன பயிற்சிகள் தேவை, மறுபடி எப்போது வர வேண்டும் என்பவை அதில் இருக்கும். அதைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வரும் பெற்றோரின் மனத்தை அழுத்துகிற கேள்விகள் அதில் இருப்பதில்லை. இவன் பேசுவானா, பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களா, வீட்டுப் பெரியவர்களிடம் இதை எப்படிச் சொல்வது, எங்கள் காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்தக் கேள்விகளை ஏற்கெனவே கடந்து வந்த பெற்றோர்கள் ஒன்றுகூடி, புதிதாக வருகிறவர்களுக்குத் துணையாக நிற்பதற்காக அமைத்துக்கொண்டவைதாம் தன்னார்வ ஆட்டிசம் சங்கங்கள்.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் தொடக்கத்திலிருந்தே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. மற்றவர்களோடு பழகுவது, கருத்தைப் பரிமாறிக்கொள்வது, ஒலி, ஒளி, தொடுதல் போன்ற புலன் உணர்வுகளை ஏற்றுக்கொள்வது, அன்றாட ஒழுங்கில் ஏற்படும் மாற்றங்களைச் சமாளிப்பது ஆகியவற்றில் அது வெளிப்படும். ஒருவருக்குப் பேச்சே வராமல் இருக்கலாம். இன்னொருவர் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வேலைக்குப் போகலாம். இருவருக்கும் ஆட்டிசம் இருக்கும், இருவருக்கும் வேண்டிய உதவி வெவ்வேறாக இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-இல் ஏறக்குறைய 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. இவ்வளவு பரவலாகக் காணப்படும் ஒரு நிலைக்கு, உதவி மட்டும் பெரும்பாலான இடங்களில் தேடி அலைந்துதான் கிடைக்கிறது.

சங்கத்தின் வேலையை இரண்டாகப் பிரித்துச் சொல்வது வழக்கம்: குடும்பங்களுக்குத் துணை நிற்பது ஒன்று, பள்ளி, மருத்துவமனை, அரசு ஆகியவற்றிடமிருந்து சேவைகளைக் கேட்டுப் பெறுவது மற்றொன்று. என் பார்வையில் இவை இரண்டு வேலைகளே இல்லை. ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து அதன் சிரமத்தைக் கேட்டு, அதை ஒழுங்காக எழுதிவைக்கும் சங்கத்தால்தான் அரசிடம் போய் ஆதாரத்தோடு பேச முடியும். குடும்பங்களிடமிருந்து விலகிப்போன சங்கத்தின் மனுவில் சொற்கள் இருக்கும், சான்றுகள் இருக்காது. இந்தத் தொடர்பு புரிந்துவிட்டால், சங்கம் செய்யும் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

பெற்றோர்கள் ஏன் தாங்களே தொடங்க வேண்டியிருந்தது

மனநல மருத்துவர் லியோ கான்னர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தைத் தனியானதொரு நிலையாக மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அதற்கு அடுத்து வந்த இருபது ஆண்டுகளில், தாயின் அன்பற்ற போக்கினால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்னும் கருத்து மேலைநாடுகளில் வலுப்பெற்றது. சிகாகோவில் சிகிச்சைப் பள்ளி ஒன்றை நடத்திவந்த புரூனோ பெட்டல்ஹைம் அதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். உதவி கேட்டு வந்த தாய்மார்கள் குற்றவாளிகளாக நடத்தப்பட்டார்கள். குழந்தைக்குப் பள்ளி இல்லை, பயிற்சி இல்லை, பெரிய விடுதிகளில் விட்டுவிடும்படி அறிவுரை மட்டும் கிடைத்தது.

இந்தச் சூழலில்தான் 1962-இல் லண்டனில் சில பெற்றோர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்றைய பிரிட்டிஷ் தேசிய ஆட்டிசம் சங்கம் அதிலிருந்து வளர்ந்ததே. அவர்களுள் ஒருவரான லோர்னா விங் மனநல மருத்துவராகவும் ஆட்டிசம் உள்ள ஒரு மகளின் தாயாகவும் இருந்தார். ஆட்டிசத்தை அகன்றதொரு வரிசையாகப் பார்க்கும் இன்றைய பார்வைக்கு அவருடைய ஆய்வுகள் பெரிதும் காரணம். அமெரிக்காவில், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட், 1964-இல் வெளியிட்ட நூலில் தாயைக் குறைகூறும் கருத்தை மறுத்து, இது உடலியல் சார்ந்த நிலை என்று வாதிட்டார். அதைப் படித்த பெற்றோர்கள் பல ஊர்களிலிருந்தும் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். 1965-இல் அவர்களில் பலர் கூடித் தொடங்கியதே இன்றைய அமெரிக்க ஆட்டிசம் சங்கம். அதன் தொடக்ககாலத் தலைவர்களுள் ரூத் சல்லிவன் என்னும் தாய் குறிப்பிடத்தக்கவர்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது, ஆறுதலும் உரிமைக் கோரிக்கையும் முதல் நாளிலிருந்தே சேர்ந்தே நடந்தன என்பது. லண்டன் சங்கம் 1965-லேயே தன் முதல் பள்ளியைத் திறந்தது. ஆண்டுகள் ஓடி, அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபோது பெரியவர்களுக்கான இடம் எங்கும் இல்லை என்பது தெரிந்தது. 1974-இல் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கான ஒரு குடியிருப்பை அதே சங்கம் உருவாக்கியது. குடும்பங்களின் தேவை நகர்ந்த திசையிலேயே சங்கமும் நகர்ந்திருக்கிறது.

முதல் தொலைபேசி அழைப்பு

பெரும்பாலான குடும்பங்கள் சங்கத்தோடு கொள்ளும் முதல் தொடர்பு ஒரு தொலைபேசி அழைப்பாகவே இருக்கும். மறுமுனையில் எடுப்பவர் ஊதியம் வாங்கும் ஊழியராக இருக்க வேண்டியதில்லை. தன் வீட்டு வேலையை முடித்துவிட்டு, வாரத்தில் சில மணி நேரத்தை இதற்கென ஒதுக்கியிருக்கும் இன்னொரு தாயாகவோ தந்தையாகவோ இருப்பார். இந்தப் பேச்சை எப்படி நடத்துவது என்பதற்கு நல்ல சங்கங்கள் தன்னார்வலர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுக்கின்றன. அழைப்பவரின் குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்று தொலைபேசியில் முடிவு சொல்லக் கூடாது. ‘சரியாகிவிடும்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ஒரே ஒரு மையத்தின் பெயரை மட்டும் சொல்லி அங்கே அனுப்பக் கூடாது. தன் சொந்தக் கதையைச் சொல்லத் தொடங்கி அழைத்தவரைக் கேட்பவராக ஆக்கிவிடக் கூடாது.

அனுபவமுள்ள தன்னார்வலர் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று, ‘பிள்ளையின் பெயர் என்ன, அவனுக்கு எது பிடிக்கும்?’ என்பது. அதுவரை அந்தத் தாய் சந்தித்த அனைவரும் குழந்தையால் எதைச் செய்ய முடியவில்லை என்றே கேட்டிருப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, விரலால் சுட்டிக் காட்டுகிறானா, கண்ணைப் பார்க்கிறானா என்ற கேள்விகளுக்கு ‘இல்லை’ என்று சொல்லிச் சொல்லி அவர் களைத்துப் போயிருப்பார். மின்விசிறி சுற்றுவதைப் பார்ப்பது அவனுக்குப் பிடிக்கும், தண்ணீரில் விளையாடப் பிடிக்கும் என்று சொல்லும்போது பேச்சின் தொனியே மாறிவிடுகிறது. அதன் பிறகுதான் தூக்கம், உணவு, கழிப்பறைப் பழக்கம், பாதுகாப்பு என்று ஒவ்வொன்றாக விசாரிக்க முடிகிறது.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் கணிசமானோர் யாரும் கவனிக்காதபோது வீட்டை விட்டு வெளியேறிவிடும் இயல்புடையவர்கள். நீர்நிலைகளை நோக்கிச் செல்வதும் உண்டு. ஆகவே கதவில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், பெற்றோரின் எண் எழுதிய கைப்பட்டை, அக்கம்பக்கத்தாருக்கு ஒரு முன்னறிவிப்பு, இயன்றவரை சீக்கிரம் நீச்சல் பயிற்சி ஆகியவற்றை முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. மற்ற அறிவுரைகள் அடுத்த வாரம் வரை காத்திருக்கலாம்.

அழைப்பு முடிந்ததும் தன்னார்வலர் பதிவேட்டில் சில வரிகள் எழுதுகிறார்: தேதி, குழந்தையின் வயது, குடும்பம் வசிக்கும் பகுதி, என்ன உதவி கேட்டார்கள், எங்கே முயன்றார்கள், என்ன பதில் கிடைத்தது, எவ்வளவு காலம் காத்திருந்தார்கள். குடும்பத்தின் பெயரும் எண்ணும் வேறோர் இடத்தில், மிகச் சிலர் மட்டும் பார்க்கக்கூடிய வகையில் வைக்கப்படுகின்றன. இந்தச் சில வரிகளின் மதிப்பு பிறகு தெரியவரும்.

குடும்பம் மூச்சுவிட ஓர் இடம்

மாதந்தோறும் நடக்கும் பெற்றோர் கூட்டம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வெறும் அரட்டையாகத் தோன்றலாம். ஆனால் குழந்தை கடையில் தரையில் விழுந்து அலறியபோது சுற்றி நின்றவர்கள் ‘வளர்ப்பு சரியில்லை’ என்று சொன்னதை ஒரு தாய் விவரிக்கும்போது, அறையில் உள்ள அனைவரும் அதே அனுபவம் உள்ளவர்களாக இருப்பது சிறிய விஷயம் அன்று. அடம்பிடித்தலுக்கும் புலன்களின் சுமை தாங்காமல் உடைந்துபோதலுக்கும் உள்ள வேறுபாட்டை அங்கேதான் பலர் முதன்முதலாகப் புரிந்துகொள்கிறார்கள். அடம்பிடிக்கும் குழந்தை வேண்டியது கிடைத்ததும் நிறுத்திவிடும். சுமை தாங்காமல் உடைந்துபோன குழந்தை எதைக் கொடுத்தாலும் உடனே நிறுத்த முடியாத நிலையில் இருக்கிறது. அப்போது வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்து, பேச்சையும் குறைத்து, காயம் படாமல் பார்த்துக்கொண்டு காத்திருப்பதே செய்யக்கூடியது. இதை ஒரு துண்டறிக்கையில் படிப்பதைவிட, நேற்று அதைச் செய்து பார்த்த ஒருவர் சொல்லக் கேட்பது ஆழமாகப் பதிகிறது.

பெற்றோருக்கான பயிற்சியையும் சங்கங்கள் நடத்தலாம். உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் குடும்பங்களுக்காக உருவாக்கியுள்ள பராமரிப்போர் திறன் பயிற்சி, ஒன்பது குழு வகுப்புகளும் மூன்று வீட்டு வருகைகளும் கொண்டது. நிபுணர்கள் குறைவாக உள்ள இடங்களில், முறையாகப் பயிற்சி பெற்ற சாதாரண மக்களே இதை நடத்தும்படி வடிவமைத்திருப்பது இதன் சிறப்பு. விளையாட்டு, அன்றாட வேலைகள் ஆகியவற்றின் வழியாகவே குழந்தையோடு தொடர்பை வளர்ப்பது எப்படி என்பதை இது கற்றுத்தருகிறது.

குடும்பங்கள் மிக அதிகமாகக் கேட்பதும் மிகக் குறைவாகக் கிடைப்பதும் ஓய்வு. இரண்டு மணி நேரம் குழந்தையை நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் தூங்கவோ, மற்ற பிள்ளையோடு வெளியே போகவோ, மருத்துவரைப் பார்க்கவோ முடிந்தால் அந்த வாரமே மாறிவிடும். இதற்கு முன்வரும் தன்னார்வலரின் பின்னணியைச் சரிபார்த்து, தாய் உடனிருக்கும்போதே சில முறை வந்து பழகவிட்டு, எப்போதும் ஒரே ஆளையே அனுப்புவது பொறுப்பான சங்கத்தின் முறை. ஆட்கள் கிடைக்கவில்லை என்பதற்காக இந்த ஒழுங்கைத் தளர்த்திவிடக் கூடாது. பேசத் தெரியாத ஒரு குழந்தை தனக்கு நேர்ந்ததைச் சொல்ல முடியாது.

உடன்பிறந்தவர்களைப் பற்றியும் சங்கம் நினைக்க வேண்டும். தம்பியால் விழாவுக்குப் போக முடியவில்லை, நண்பர்களை வீட்டுக்கு அழைக்க முடியவில்லை என்பதை அக்கா யாரிடமும் சொல்லாமல் அடக்கிக்கொள்வாள். சொன்னால் அம்மா வருந்துவாள் என்று அவளுக்குத் தெரியும். அவள் வயதுடைய இன்னும் சில பிள்ளைகளோடு அவளைச் சேர்த்து விளையாடவும் பேசவும் விடுவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

தவறான வைத்தியத்திலிருந்து காப்பது

பயமும் அவசரமும் உள்ள பெற்றோரைத் தேடிப் பல விற்பனையாளர்கள் வருகிறார்கள். ஆட்டிசத்தை முழுவதும் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. உடலிலிருந்து உலோகங்களை நீக்குவதாகச் சொல்லும் கீலேஷன் ஊசி, வெளுப்புத் தன்மையுள்ள வேதிக்கரைசல்களைக் குடிக்கக் கொடுப்பது போன்றவை உயிருக்கே ஆபத்தானவை. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற அச்சத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை 12 குழந்தைகளை மட்டுமே வைத்து எழுதப்பட்டது. அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குப் பிறகு பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகள் எவற்றிலும் அந்தத் தொடர்பு காணப்படவில்லை.

சங்கம் இங்கே செய்ய வேண்டியது, ஏமாந்துவிட்ட பெற்றோரைக் கடிந்துகொள்ளாமல் தெளிவான கேள்விகளை அவர்கள் கையில் கொடுப்பது. இதற்கு என்ன ஆய்வுச் சான்று இருக்கிறது, பக்கவிளைவு என்ன, எவ்வளவு நாளில் என்ன மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் நிறுத்துவீர்களா என்று கேட்டால், நேர்மையான பயிற்சியாளர் பொறுமையாகப் பதில் சொல்வார். பதில் சொல்ல மறுப்பவரிடமிருந்து விலகிக்கொள்ளலாம். சிகிச்சை மையங்களிடமிருந்து நன்கொடை வாங்கும் சங்கம் இந்த வேலையை மனச்சாட்சியோடு செய்வது கடினம் என்பதையும் சொல்ல வேண்டும்.

பள்ளிக் கூட்டத்தில் ஒரு துணை

பள்ளியோடு பேசப் போகும் பெற்றோர் மேசையின் ஒருபுறம் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். மறுபுறம் தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், உளவியலாளர் என்று பலர் இருப்பார்கள். சங்கத்திலிருந்து ஒருவர் உடன் வந்து பெற்றோரின் பக்கத்தில் உட்கார்ந்தாலே அந்த ஏற்றத்தாழ்வு குறைகிறது. அவர் பெற்றோருக்குப் பதிலாகப் பேசுவதற்கு வரவில்லை. குறிப்பெடுக்கிறார், பெற்றோர் சொல்ல மறந்ததை நினைவூட்டுகிறார், ‘தனிக் கவனம் செலுத்தப்படும்’ என்று பள்ளி சொன்னால், யார் செலுத்துவார், எந்த நேரத்தில், வாரத்துக்கு எத்தனை முறை, பயன் இருக்கிறதா என்று எப்போது பார்ப்போம் என்று பணிவோடு கேட்கிறார். மறுநாள், கூட்டத்தில் ஒப்புக்கொண்டவற்றைப் பட்டியலிட்டுப் பள்ளிக்கு ஒரு கடிதம் அனுப்பப் பெற்றோருக்கு உதவுகிறார். அந்தக் கடிதத்துக்கு மறுப்பு வராவிட்டால், அடுத்த கூட்டம் அதிலிருந்தே தொடங்கும்.

கூட்டத்துக்கு முன்பே குழந்தையைப் பற்றி ஒரே பக்கத்தில் எழுதித் தரும்படி சங்கங்கள் பெற்றோருக்குச் சொல்வது உண்டு. அது மருத்துவ அறிக்கையைப் போல இருக்கத் தேவையில்லை. உதாரணமாக இப்படி எழுதலாம்: ‘மணி அடிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். ஒரு நிமிடம் முன்பே சொல்லிவிட்டால் போக மாட்டான். கையைப் பிடித்து இழுத்தால் பயந்து கடிப்பான்; பக்கத்தில் நின்று கையை நீட்டினால் அவனே பிடித்துக்கொள்வான். கேள்வி கேட்ட பிறகு பத்து நொடி காத்திருங்கள். படங்களைக் காட்டிக் கேட்டால் சரியானதைத் தொடுவான். ரயில் படம் போட்ட தாளில் எழுதச் சொன்னால் சந்தோஷமாக எழுதுவான்.’ இந்த ஆறேழு வரிகளைப் படித்த ஆசிரியர், அடுத்த நாள் வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டுவிடுகிறார்.

தனிக் குறை பொதுக் கோரிக்கையாவது எப்படி

இப்போது அந்தப் பதிவேட்டுக்குத் திரும்பலாம். பேச்சுப் பயிற்சிக்குப் பதிவு செய்துவிட்டுப் பல மாதங்களாகக் காத்திருப்பதாக ஒரு தாய் அதிகாரியிடம் சொன்னால், அந்த மையத்தில் ஒருவர் விடுப்பில் இருந்தார், இனிச் சரியாகிவிடும் என்று பதில் வரலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே ஆண்டில், வெவ்வேறு பகுதிகளிலிருந்து, வெவ்வேறு மையங்களைப் பற்றி அதே குறையைச் சொன்ன குடும்பங்களின் பதிவுகள் தேதியோடு முன்னால் வைக்கப்படும்போது, விடுப்பு என்ற விளக்கம் போதாமல் போகிறது. பயிற்சியாளர் பணியிடங்களே போதுமான அளவில் இல்லை என்பது வெளிப்படுகிறது. ஒரு வீட்டின் துரதிர்ஷ்டமாகத் தோன்றியது, ஓர் அமைப்பின் குறைபாடு என்று நிறுவப்படுவது இந்த இடத்தில்தான். தொலைபேசியை எடுத்து எழுதிவைத்த தன்னார்வலர்கள், தங்களை அறியாமலேயே, கோரிக்கை மனுவின் முதல் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மனு எழுதுவதும் பழகிக்கொள்ள வேண்டிய ஒரு கலை. ‘எங்கள் குழந்தைகள் மிகவும் துன்பப்படுகிறார்கள், கருணையோடு உதவுங்கள்’ என்று எழுதினால் படிப்பவர் மனம் இரங்கலாம், ஆனால் அவர் என்ன ஆணை பிறப்பிக்க வேண்டும் என்பது அதில் இல்லை. எந்தச் சேவை, எந்தப் பகுதியில், தற்போது எப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும், அதை மாற்றும் அதிகாரம் எந்த அலுவலகத்திடம் உள்ளது, எந்தச் சட்டப் பிரிவு அதற்கு இடம் தருகிறது என்பவை மனுவில் இருந்தால் அதை அப்படியே கோப்பில் முன்னகர்த்த முடியும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் இருப்பது நல்லது. பத்துக் கோரிக்கைகள் உள்ள மனுவில் எளிதான ஒன்றை நிறைவேற்றிவிட்டு மற்ற ஒன்பதையும் மறந்துவிட வழி இருக்கிறது.

காலமும் முக்கியம். நிதிநிலை அறிக்கை சபையில் படிக்கப்படுவதற்குப் பல மாதங்கள் முன்பே துறைகள் தங்கள் தேவைகளைத் தொகுக்கத் தொடங்கிவிடுகின்றன. அந்த நேரத்தில் போய்ச் சேரும் மனு ஒதுக்கீட்டில் இடம்பெற வாய்ப்பு உண்டு. அறிக்கை வெளியான பிறகு போனால் மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதிகாரிகள் மாறுதலாகிப் போவதும் இயல்பு என்பதால், ஒவ்வொரு சந்திப்புக்குப் பின்னும் பேசப்பட்டதை எழுத்தில் அனுப்பி ஒப்புதல் பெற்றுவைத்துக்கொள்ளும் சங்கம், புதிதாக வருபவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

சந்திக்கப் போகும் குழுவில் ஒரு பெற்றோர், ஆட்டிசம் உள்ள ஒருவர், துறை அறிந்த ஒரு நிபுணர் என்று மூவர் இருந்தால் பேச்சு முழுமையடைகிறது. மற்ற மாற்றுத்திறனாளி அமைப்புகளோடு சேர்ந்து கேட்பதும் பயன் தரும். சாய்தளம் கேட்கும் அமைப்பும் சத்தம் குறைந்த வகுப்பறை கேட்கும் சங்கமும் கேட்பது பொது இடங்களில் எல்லாருக்கும் இடம் வேண்டும் என்பதைத்தான். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் குழந்தைகளுக்குச் சேவை தேவை என்பதால், சங்கம் எந்தக் கட்சிக்கும் சொந்தமாகிவிடாமல் இருப்பது அதன் பலம்.

ஊடகங்களில் பேசும்போது ஓர் எல்லையை மீறவே கூடாது. குழந்தை உடைந்து அழுகிற காட்சியைப் படம்பிடித்து அனுதாபம் தேடுவது எவ்வளவு நல்ல நோக்கத்துக்காக இருந்தாலும் தவறு. அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவனாகும்போதும் அந்தப் படம் இருக்கும்.

சட்டத்தில் பெயர் இடம்பெறுவதன் பொருள்

அமெரிக்காவில் மாற்றுத்திறன் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டணமில்லாத பொருத்தமான பொதுக் கல்வி என்பதை 1975-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. அதற்காக உழைத்தவர்களில் பெற்றோர் சங்கங்களும் இருந்தன. அச்சட்டத்தில் ஆட்டிசம் தனி வகையாகச் சேர்க்கப்பட்டது 1990-இல்தான். இந்தியாவின் 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் ஆட்டிசம் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கி, 18 வயது நிறைந்தவர்களுக்குச் சட்டபூர்வப் பாதுகாவலரை நியமிக்க வழி செய்தது. 2016-ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்தது. இங்கிலாந்தில் தேசிய ஆட்டிசம் சங்கமும் மற்ற அமைப்புகளும் நடத்திய இயக்கத்தின் பயனாக 2009-இல் ஆட்டிசத்துக்கென்றே ஒரு சட்டம் வந்தது. பெரியவர்களுக்கான சேவைகளுக்கு அரசு ஒரு செயல்திட்டம் வகுக்க வேண்டும் என்பது அதன் மையம்.

பட்டியலில் ஒரு சொல் சேர்வது அலுவலக விவரமாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சொல் இல்லாத வரை சான்றிதழ் கொடுக்கும் மருத்துவரிடம் அதற்கான வகை இருக்காது. சான்றிதழ் இல்லாதவரை உதவித்தொகை, பயணச் சலுகை, தேர்வில் கூடுதல் நேரம் ஆகிய எதையும் கேட்க முடியாது. சட்டம் வந்த பிறகும் வேலை முடிவதில்லை. விதிகள் வகுக்கப்பட்டனவா, பணம் ஒதுக்கப்பட்டதா, பணியிடங்கள் நிரப்பப்பட்டனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கேட்க வேண்டும். இதைத் தொடர்ந்து செய்பவர்களும் சங்கத்தின் தன்னார்வலர்களே.

யாருடைய குரல்

பெற்றோர் சங்கங்கள் நெடுங்காலம் ஆட்டிசம் உள்ளவர்களுக்காகத் தாங்களே பேசிவந்தன. அன்றைய நிலையில் வேறு யாரும் பேச முன்வராததால் அது தேவையாக இருந்தது. 1990-களில் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்களுக்கான அமைப்புகளைத் தாங்களே தொடங்கினார்கள். 2006-இல் அமெரிக்காவில் தன்னுரிமைக்காகக் குரல் கொடுக்கும் ஒரு வலையமைப்பு உருவானது. அதற்கு அடுத்த ஆண்டு, நியூயார்க்கில் ஒரு பல்கலைக்கழக மையம், குழந்தைகளைக் கடத்திச் சென்றவன் எழுதிய மிரட்டல் கடிதத்தைப் போல ஆட்டிசத்தைச் சித்திரித்து விளம்பரங்கள் வெளியிட்டபோது, ஆட்டிசம் உள்ளவர்களே எதிர்ப்பைத் திரட்டினார்கள்; சில வாரங்களிலேயே அந்த விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன.

2006-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 4-ஆவது பிரிவு, கொள்கை வகுக்கும்போது மாற்றுத்திறனாளிகளை, குழந்தைகள் உட்பட, அவர்களின் அமைப்புகள் வழியாக நெருக்கமாகக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. சங்கங்கள் இதைத் தங்களுக்குள்ளும் கடைப்பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நிர்வாகக் குழுவில் ஆட்டிசம் உள்ளவர்கள் இருக்க வேண்டும். அவர்கள் பங்கேற்கும் வகையில் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே அனுப்பவும், எழுதிப் பதில் தர அனுமதிக்கவும், கூட்டத்தின் நடுவே எழுந்துபோய் வர இடம் கொடுக்கவும் வேண்டும். பேச்சு வராதவர்களுக்கும் சொல்ல விருப்பங்கள் உண்டு. படப்பலகையோ கணினிப் பலகையோ கொண்டு அவற்றைத் தெரிவிக்க முடியும். தாய்க்குத் தெரிந்தவை பலவும் வெளியுலகுக்குத் தெரியாது என்பது உண்மை. அந்த வெளிச்சத்தாலும் ஒலியாலும் எப்படி வலிக்கிறது என்பது மட்டும் அதை அனுபவிப்பவருக்கே தெரியும்.

தன்னார்வத்தின் எல்லை

இவை அனைத்தையும் செய்பவர்களும் வீட்டில் ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர்களே. ஆகவே தன்னார்வலர்கள் களைத்துப்போவது சங்கங்களுக்குள்ள மிகப் பெரிய ஆபத்து. பொறுப்புகளைச் சுழற்சி முறையில் மாற்றுவது, இரவு நேர அழைப்புகளுக்கு வரம்பு வைப்பது, ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேரைப் பழக்குவது ஆகியவை இல்லாவிட்டால், ஊக்கமுள்ள ஒருவர் விலகியதும் சங்கமே நின்றுபோகும்.

இன்னோர் எல்லை, அரசு செய்ய வேண்டியதைச் சங்கமே செய்துகொண்டு காலம் தள்ளுவது. அவசரத்துக்கு ஒரு பயிற்சி மையமோ சிறு பள்ளியோ தொடங்குவது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். 1965-இல் லண்டன் பெற்றோர் அதைத்தான் செய்தார்கள். ஆனால் அந்த மையத்தை நடத்த அரசிடம் பணம் வாங்கத் தொடங்கியதும், அதே அரசைக் கேள்வி கேட்கும் துணிவு குறையத் தொடங்கலாம். சேவை நடத்தும் பிரிவையும் உரிமை கேட்கும் பிரிவையும் கணக்கிலும் பொறுப்பாளர்களிலும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் சங்கங்கள் இந்தச் சிக்கலை ஓரளவு சமாளிக்கின்றன.

ஒரு சங்கத்தில் சேர நினைப்பவர் முதலில் ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து கேட்பது நல்லது. வரவு செலவுக் கணக்கை உறுப்பினர்களுக்குக் காட்டுகிறார்களா, குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யும் யாருக்காவது மேடை கொடுக்கிறார்களா, ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும்போது மற்றவர்கள் காத்திருந்து கேட்கிறார்களா, சொல்லப்படும் குறைகளை யாராவது எழுதிக்கொள்கிறார்களா என்று கவனித்தால் போதும். அருகில் சங்கமே இல்லாதவர்கள், பயிற்சி மையத்தின் வாசலில் காத்திருக்கும்போது சந்திக்கும் இரண்டு மூன்று குடும்பங்களோடு தொடங்கலாம். பதிவு, முத்திரை, பெயர்ப்பலகை எல்லாம் பிறகு வரட்டும். மாதம் ஒரு முறை சந்திப்பதும், ஒவ்வொரு குடும்பமும் எங்கே என்ன கேட்டது, என்ன பதில் கிடைத்தது என்பதைத் தேதியிட்டு ஒரே நோட்டில் எழுதிவருவதும் தொடங்கிவிட்டால், முதல் மனுவுக்கு வேண்டியவை சில மாதங்களில் அதிலேயே சேர்ந்துவிடும்.